படத்தோடு வந்த ஆள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் தகடு கிடக்கிறது. ஒரு ஜாண் நீளம். உடம்பெல்லாம் ஓட்டை: செவ்வகம், சாய்சதுரம், ஒரு மூலை வெட்டுப்பட்ட செவ்வகம், அடிப்பக்கம் அலைபோல் நெளிந்த இன்னொரு செவ்வகம், வால் முளைத்த வட்டம். வீட்டுக்கு வரும் சிறுபிள்ளைகள் கோல அச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1980களில் கணினி வேலைக்குச் சேர்ந்த எங்களுக்கு இது பேனாவைப் போல எப்போதும் கையோடு இருந்த பொருள். பென்சில் முனையை ஓட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் வடிவம் தாளில் விழும். ஃப்ளோ சார்ட் வரைவதற்கான டெம்ப்ளேட் அது.

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு மென்பொருளின் ஆர்க்கிடெக்சர் டயகிராம். முப்பது பெட்டிகள் இருக்கும். அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக அம்புகள், பல நிறங்களில் சின்னச் சின்ன ஐகான்கள். வரைந்தவர் யாரென்று தெரியாது. அனுப்பியவர் கணினி தெரியாதவர். தன் நிறுவனத்துக்கு அந்த மென்பொருளை வாங்கலாமா என்று முடிவு செய்யவேண்டிய இடத்தில் இருப்பவர். படத்தின் கீழே ஒரு வரி: “இது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க சார்.”

தகட்டிலிருந்து இந்தப் படத்துக்கு வர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வரைவது எவ்வளவோ எளிதாகிவிட்டது. அந்த ஒரு வரிக் கேள்வி மட்டும் ஏன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது?

தொட்டுப் பார்த்த வடிவங்கள்

வேலை நடக்கும் விதத்தைப் படமாக்கும் பழக்கம் கணினிக்கு மூத்தது. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதியர் தொழிற்சாலை வேலைகளைப் படிப்படியாகக் குறியீடுகளால் வரையும் முறையை 1921இல் பொறியாளர்கள் முன் வைத்தார்கள். கணினிக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனும் ஜான் வான் நாய்மனும். 1947இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், கணக்கு எந்த வரிசையில் ஓடவேண்டும், எங்கே கிளை பிரியவேண்டும் என்பதைக் கோடுகளாலும் பெட்டிகளாலும் காட்டினார்கள். நிரல் எழுதுகிறவர் தவறாமல் எழுத வேண்டும் என்பதற்காக வந்த படம் அது. வெளியாள் பார்த்துப் புரிந்துகொள்வது அதன் நோக்கத்திலேயே இல்லை.

ஆனாலும் அந்தக் காலத்துப் படத்துக்கு ஒரு வசதி இருந்தது. என் தகட்டில் இருக்கும் பல ஓட்டைகள் கணினி அறையில் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களின் நிழல்கள். மூலை வெட்டிய செவ்வகம் என்றால் பஞ்ச் கார்டு. 80 பத்திகள் கொண்ட அந்த அட்டையின் ஒரு மூலை உண்மையிலேயே வெட்டப்பட்டிருக்கும், கட்டில் ஒன்று தலைகீழாகப் போனால் உடனே தெரியட்டும் என்று. அடிப்பக்கம் நெளிந்த செவ்வகம், பிரிண்டரிலிருந்து கிழித்தெடுத்த காகிதம். வால் முளைத்த வட்டம் காந்த நாடாச் சுருள். உருளை வடிவம் தகவல் சேமிக்கும் டிஸ்க். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணினியில் இரண்டு அடி விட்டமுள்ள 50 வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். அத்தனைக்கும் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்துகள். அந்த அடுக்கைத் தள்ளி நின்று பார்த்தால் உருளைதான்.

கணினி தெரியாத மேலாளர் வந்தால் படத்தில் ஒரு வடிவத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருக்கும் இயந்திரத்தைக் காட்டலாம். “இது அது சார்.” பாதி விளக்கம் அதிலேயே முடிந்துவிடும்.

அந்தப் பொருள்கள் போய்விட்டன. நிழல்கள் மட்டும் தங்கிவிட்டன. பவர்பாயின்டில் வடிவங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பஞ்ச் கார்டும் துளையிட்ட காகித நாடாவும் இன்னும் அங்கே இருக்கின்றன. டேட்டாபேஸ் என்றால் இன்றும் உலகம் முழுக்க உருளைதான் போடுகிறார்கள். போடுகிற இளைஞருக்கு ஏன் உருளை என்று தெரியாது; பார்க்கிற வாடிக்கையாளருக்கு அது எண்ணெய் டிரம் மாதிரி தெரிகிறது.

“டோக்கன் எங்கே, தம்பி?”

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வங்கிகளுக்குள் கணினி தயங்கித் தயங்கி நுழைந்துகொண்டிருந்தது. 1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு 1984இல் தன் அறிக்கையைத் தந்தது. அதன் பிறகுதான் லெட்ஜர் பதியும் இயந்திரங்கள் கிளைகளுக்கு வரத் தொடங்கின. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்களை ஒரு கண்ணால் விருந்தாளிகளாகவும் மறு கண்ணால் வேலைக்கு உலைவைக்க வந்தவர்களாகவும் பார்த்தார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது.

பாரிமுனைப் பக்கம் ஒரு கிளைக்கு என்னை அனுப்பினார்கள். செக் கொடுத்துப் பணம் வாங்குவது எப்படி நடக்கிறது என்று படம் போட வேண்டும். டாம் டிமார்க்கோ 1978இல் எழுதிய புத்தகம் அப்போது எங்கள் வேதம். வேலைக்கு ஒரு வட்டம், தகவலுக்கு ஓர் அம்பு, வெளியாளுக்கு ஒரு சதுரம், கோப்புக்கு இரண்டு கோடுகள். இவ்வளவுதான் அதன் எழுத்துகள். முதல் தாளில் நடுவே ஒரே வட்டம்: அந்தக் கிளை முழுவதும் அதற்குள். சுற்றிலும் வாடிக்கையாளர், தலைமை அலுவலகம், மற்ற வங்கிகள். அடுத்த தாளில் அந்த வட்டத்தைப் பிரித்து உள்ளே இருக்கும் வேலைகள். மூன்றாம் தாளில் ஒவ்வொரு வேலையையும் இன்னும் பிரித்து. நீளமான கணினிச் சொற்கள் எதுவும் இல்லாத படம்.

வரைந்ததை எடுத்துக்கொண்டு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த ஒரு கிளார்க்கின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பென்சிலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டு வாசித்தேன். “செக்கை வாங்குறீங்க. லெட்ஜர்ல இருப்புப் பார்த்துப் பற்று எழுதுறீங்க. ஆபீசர் கையெழுத்தை மாதிரி அட்டையோட ஒப்பிட்டுப் பாஸ் பண்றார். கேஷியர் பணம் தர்றார்.”

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “டோக்கன் எங்கே, தம்பி?”

டோக்கனை நான் விட்டுவிட்டேன். எண் பொறித்த பித்தளை வில்லை, அதில் என்ன தகவல் இருக்கிறது என்று நினைத்தேன். அவர் சொன்னார்: “செக்கு உள்ளே சுத்திக்கிட்டிருக்கிற நேரத்துல அந்த ஆளு கையில என்ன இருக்கு? டோக்கன்தானே? அது இல்லேன்னா கேஷியர் யாருக்குன்னு பணம் கொடுப்பாரு?” அவருடைய அழிரப்பரை வாங்கி அம்பை அழித்தேன். வெள்ளைத் தாளில் சாம்பல் தழும்பு விழுந்தது. அந்தத் தழும்பின்மேல் புது வட்டம் ஒன்று வந்தது: டோக்கன் கொடு.

அன்றைய படம் மேலானது என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தாள்கள் பிற்பாடு கோப்பில் கட்டப்பட்டு அலமாரிக்குள் போயின. இரண்டு வருடத்தில் நிரல் மாறியது, படம் மாறவில்லை. அதை நம்பி வேலை செய்தவர்கள் ஏமாந்தார்கள். ஒரு தாளைத் திருத்தி மறுபடி வரைய அரை நாள் ஆகும் என்பதால் சின்னத் தவறுகளைக் கண்டும் காணாமல் விட்டதும் உண்டு. அன்று இருந்து இன்று இல்லாமல் போனது வேறொன்று. அந்தப் படம் எங்கே போனாலும் அதை வரைந்தவன் கூடவே போனான். படத்தில் குறை இருந்தால் அவன் வாய் அதை நிரப்பியது. கேட்பவர் முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்தித் திருத்தினான்.

பொறியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது

1990களில் மென்பொருள் பெருத்தது. ஒரே கணினியில் ஓடிய நிரல் பல கணினிகளுக்குப் பரவியது. அதை விவரிக்க ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தார்கள். கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் யாகப்சன் ஆகிய மூவர் தங்கள் முறைகளை ஒன்றாக்கினார்கள். அதுதான் யுஎம்எல். 1997இல் அது பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. பின்னால் வந்த பதிப்புகளில் அதன் பட வகைகள் 14 ஆயின. அம்பு முனை நிரம்பியிருந்தால் ஒரு பொருள், காலியாக இருந்தால் இன்னொரு பொருள். கோடு முழுதாக இருந்தால் ஒன்று, விட்டுவிட்டு இருந்தால் வேறொன்று. படித்தவர்களுக்கு அது துல்லியமான மொழி. படிக்காதவர்களுக்கு, அது ஒரு மொழி என்பதே தெரியாது. பெட்டியும் கோடும் பார்த்தவுடன் புரிந்துவிடும் என்று நாம் நம்புவதால் புரியாதபோது பார்ப்பவர் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார், “நமக்குக் கம்ப்யூட்டர் வராது” என்று.

இந்த ஆபத்தை அப்போதே கண்டவர்கள் இருந்தார்கள். ஃபிலிப் குருக்டன் 1995இல் எழுதிய கட்டுரையில் ஒரே மென்பொருளுக்கு நான்கு பார்வைகளும் அவற்றைக் கோக்கும் ஐந்தாவது ஒன்றும் வேண்டும் என்றார். பயன்படுத்துபவருக்கு ஒன்று, நிரல் எழுதுபவருக்கு ஒன்று, இயந்திரங்களை நிறுவுபவருக்கு ஒன்று. 2000இல் வந்த ஐஇஇஇ 1471 தரம் அதையே விதியாக்கியது. பார்ப்பவர் யார், அவருடைய கவலை என்ன என்று முதலில் எழுது. அந்தக் கவலைக்குப் பதில் சொல்லும் கோணத்தில் பிறகு வரை. தரநூலைப் படித்தவர்கள் சிலர். மற்றவர்கள் ஒரே படத்தில் எல்லாவற்றையும் போட்டு எல்லோருக்கும் அனுப்பினார்கள்.

கருவிகளும் அதற்குத் துணைபோயின. 1992இல் வந்த விசியோ என் தகட்டுக்கு ஓய்வு கொடுத்தது. பெட்டியை இழுத்துப் போட்டால் போதும், நகர்த்தினால் அம்பும் கூடவே நகரும். பெட்டி போடுவது இலவசமாகிவிட்டால் பெட்டிகள் பெருகத்தானே செய்யும். பிறகு மேகம் வந்தது. நெட்வொர்க் வரைந்தவர்கள் 1970களிலேயே “இதற்குள் என்ன நடக்கிறது என்பது நம் கவலை இல்லை” என்று சொல்ல ஒரு மேகத்தைப் போடுவார்கள். அந்தக் கிறுக்கலே பின்னாளில் ஒரு தொழிலுக்குப் பெயராயிற்று. மேகச் சேவை தரும் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் சேவைகளுக்கு வண்ண ஐகான்களை வெளியிட்டது. அதன் விளைவுதான் என் கைபேசிக்கு வந்த படம். அதில் இருந்த ஐகான்கள் எல்லாம் கடையின் பெயர்ப்பலகைகள். கடைக்குள் என்ன விற்கிறார்கள் என்று எந்தப் பலகையிலும் இல்லை.

இதற்கு மாற்றாக வந்தவற்றில் எனக்குப் பிடித்தது சைமன் பிரவுன் உருவாக்கிய சி4. நான்கு அடுக்கு. முதல் படத்தில் மென்பொருள் ஒரே பெட்டி. சுற்றிலும் மனிதர்களும் பிற மென்பொருள்களும். அடுத்ததில் உள்ளே தனித்தனியாக ஓடும் பகுதிகள். பிறகு அவற்றின் உறுப்புகள். கடைசியில் நிரல். வரைபடத்தில் நாடு, மாவட்டம், ஊர், தெரு என்று நெருங்கிப்போவது மாதிரி. பாரிமுனையில் நான் போட்ட ஒற்றை வட்டத்தை அந்த முதல் படத்தில் பார்த்ததும் பழைய சிநேகிதரைப் பார்த்தது போலிருந்தது. கணினி தெரியாதவருக்குப் பெரும்பாலும் முதல் படமே போதும், சில சமயம் இரண்டாவது. அதற்குக் கீழே அவரைக் கூட்டிப்போவது நம் பெருமைக்காக.

ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. டிமார்க்கோவின் படத்தில் வட்டத்துக்குள் வினைச்சொல் இருக்கும், அம்பின்மேல் பெயர்ச்சொல்: ‘கையெழுத்தைச் சரிபார்’ என்று வட்டம், ‘செக்’ என்று அம்பு. சி4இல் இது தலைகீழ். பெட்டிக்குள் பெயர்ச்சொல், அம்பின்மேல் வினை. காரணம் எளிது. அன்று நாங்கள் வரைந்தது ஓர் அலுவலகத்தின் வேலைகளை. இன்று வரைவது இயந்திரங்களின் ஊரை. ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெட்டி சொல்லும். யார் யாரை என்ன செய்கிறார்கள் என்பதை அம்புதான் சொல்ல வேண்டும். அந்த அம்பு வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

பணமா, செய்தியா?

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறிய கூட்டுறவு வங்கி யுபிஐ சேவையில் சேர நினைத்தது. இயக்குநர் குழுவில் இருந்தவர்கள் நெல் வியாபாரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, உரக்கடைக்காரர், இரண்டு விவசாயிகள். செலவுக்கு அவர்கள் ஒப்புதல் தர வேண்டும். 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. எல்லோரும் தினமும் கையால் செய்கிற விஷயம், விளக்குவதில் என்ன கஷ்டம் என்ற தைரியத்தில் ஒரு படத்தை வரைந்து முன்னதாகவே அனுப்பிவைத்தேன்.

இடது ஓரம் வாடிக்கையாளர். அங்கிருந்து ஓர் அம்பு கைபேசி ஆப்புக்கு. அதிலிருந்து ஆப்பை நடத்தும் வங்கிக்கு, அதிலிருந்து தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் யுபிஐ மையத்துக்கு, அதிலிருந்து இரண்டு வங்கிகளுக்கு, கடைசியில் கடைக்காரருக்கு. சுத்தமான படம். ஏழு பெட்டிகள்தான். அம்புகளின்மேல் ஒரு சொல்லும் இல்லை; எழுதினால் அழகு கெடும் என்று விட்டிருந்தேன்.

கூட்டத்தில் நெல் வியாபாரி கேட்ட முதல் கேள்வி: “நம்ம மெம்பர் பணம் அந்த ஆப் கம்பெனிக்குள்ள எவ்வளவு நேரம் சார் இருக்கும்? அந்த நேரத்துல அவன் கம்பெனியை மூடிட்டா?”

அவர் படத்தைத் தவறாகப் படிக்கவில்லை. நான் வரைந்ததைத்தான் படித்தார். வாடிக்கையாளரிடமிருந்து கிளம்பி ஆப் வழியாகக் கடைக்காரருக்குப் போகும் அம்பு அவர் கண்ணுக்குப் பணமாகத் தெரிந்தது. பணத்தைக் கொடுத்து வாங்குகிறவருக்கு வேறு எப்படித் தெரியும்? நான் வரைந்தது செய்தி போகும் வழி. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு’ என்ற சொல் மட்டும்தான் ஆப்பைக் கடந்து போகிறது. காசு ஆப்புக்குள் நுழைவதே இல்லை. ரகசிய எண்ணைக்கூட அந்த ஆப் பார்ப்பதில்லை. அது பூட்டிய உறையாகப் போய் வாடிக்கையாளரின் வங்கியில்தான் சரிபார்க்கப்படுகிறது.

தமிழ் இலக்கணத்தில் எச்சம் என்று ஒன்று உண்டு. ‘வந்து’ என்று நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். காத்திருந்து வராவிட்டால் தானே ஒன்றைப் போட்டு முடித்துக்கொள்வார். சொல் இல்லாத அம்பும் அப்படித்தான். நெல் வியாபாரி என் எச்சத்தைத் தன் அனுபவத்தால் முடித்துவைத்தார்.

இரவோடு இரவாக மாற்றி வரைந்தேன். ஒன்றை இரண்டாக்கினேன். முதல் படம் செய்தி. அம்புகளுக்கு எண்ணும் வினைச்சொல்லும் கொடுத்தேன். 1: கடையின் க்யூஆர் அட்டையை ஆப் படிக்கிறது. 2: ‘இந்த முகவரிக்கு 40 ரூபாய்’ என்று யுபிஐ மையத்திடம் ஆப்பின் வங்கி கேட்கிறது. 3: அந்த முகவரி எந்தக் கணக்கு என்று மையம் விசாரிக்கிறது. 4: ‘40 ரூபாய் கழி’ என்று வாடிக்கையாளர் வங்கிக்குச் சொல்கிறது, வங்கி ரகசிய எண்ணைச் சரிபார்த்துக் கழிக்கிறது. 5: ‘40 ரூபாய் வரவு வை’ என்று கடைக்காரர் வங்கிக்குச் சொல்கிறது. 6: முடிந்தது என்று இரு பக்கத்துக்கும் தெரிவிக்கிறது. இரண்டாவது படம் பணம். அதில் நான்கே பெட்டி: வாடிக்கையாளர் கணக்கு, அவர் வங்கி, கடைக்காரர் வங்கி, அவர் கணக்கு. வங்கிகள் இரண்டும் தங்களுக்குள் யார் யாருக்கு எவ்வளவு என்பதை நாளில் பல தவணைகளாக, ரிசர்வ் வங்கியில் உள்ள தங்கள் கணக்குகளில் நேர் செய்துகொள்கின்றன. ஆப் என்ற பெட்டி இந்தப் படத்தில் இல்லவே இல்லை. வியாபாரியின் கேள்விக்கு அந்த இல்லாமைதான் பதில்.

எண் போட்டதில் இன்னொரு லாபம் கிடைத்தது. “எனக்குக் கழிஞ்சிடுச்சு, கடைக்காரருக்குப் போகலை” என்று ஊர் முழுக்கக் கேட்கும் புகார் எங்கே பிறக்கிறது? நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில். உரக்கடைக்காரர் விரலை அங்கே வைத்து, “அப்போ நின்ன பணம் திரும்ப வருமா?” என்றார். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்குக் கெடு வைத்திருக்கிறது. ஆளுக்கு ஆள் அனுப்பியது என்றால் மறுநாளைக்குள், கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு. படத்தில் இடம் தெரிந்ததால்தான் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது. புரிந்த படத்துக்கு அடையாளம் அடுத்த கேள்விதான். தலையாட்டலை நான் இப்போது நம்புவதில்லை.

தனியாகப் போகிற படம்

இன்று படத்தோடு ஆள் போவதில்லை. மின்னஞ்சலில் போகிறது, வாட்ஸ்அப்பில் போகிறது, ஒரு பி.டி.எஃப்பின் பதினேழாம் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகிறது. பார்க்கிறவர் பேருந்தில் நின்றுகொண்டு கைபேசியில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிக்க யாரும் இல்லை. ஆகவே அந்த ஆள் சொல்லியிருக்கக்கூடியதை எல்லாம் படமே சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைப்பு அதில் முதலாவது. ‘யுபிஐ ஆர்க்கிடெக்சர்’ என்பது தலைப்பு ஆகாது. ‘கடையில் கட்டும் 40 ரூபாய்க்கான செய்தி எந்த வழியாகப் போகிறது’ என்பது தலைப்பு. அடுத்தது ஓரத்தில் ஒரு சின்னப் பட்டியல்: இந்தக் கோடு செய்தி, அந்தக் கோடு பணம், சாம்பல் பெட்டி நம்முடையது இல்லை. நிறத்தை மட்டும் நம்பினால் ஜெராக்ஸ் எடுத்ததும் எல்லாம் ஒன்றாகிவிடும். சிவப்பும் பச்சையும் வேறுவேறாகத் தெரியாத கண்கள் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அதனால் கோட்டின் உருவமும் மாற வேண்டும். வரைந்த தேதி வேண்டும். கடைசியாக ஒரு வரி, எனக்கு மிகவும் உதவுவது: ‘இந்தப் படத்தில் காட்டாதவை.’ சர்வர்கள், காப்பு நகல்கள், பாதுகாப்பு ஏற்பாடு இதில் இல்லை என்று எழுதிவிட்டால், அவை இருக்கின்றனவா என்று பயந்து கேட்க வேண்டியதில்லை.

தமிழில் பெயர் எழுதும்போது வேறொரு சங்கடம் வருகிறது. அகராதிச் சொற்கள் பெட்டிக்குள் அடங்காது. அடங்கினாலும் பொருள் குழம்பும். வருகிறவர் யார் என்று பார்ப்பது ஒன்று, அவரை உள்ளே விடலாமா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ‘அங்கீகாரம்’ என்றே எழுதிவைக்கிறோம். ‘யார் என்று பார்க்கிறது’, ‘அனுமதி உண்டா என்று பார்க்கிறது’ என்று வினையாகவே எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. சர்வர், ஆப், ஓடிபி எல்லாம் ஊருக்குத் தெரிந்த சொற்கள், அவற்றை மொழிபெயர்த்து அந்நியமாக்க வேண்டியதில்லை.

கருவிகள் இதற்கிடையே இன்னொரு சுற்றுப் போய்விட்டன. இப்போது பலர் படத்தை வரைவதே இல்லை, எழுதுகிறார்கள். 1990களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த கிராஃப்விஸ், 2009இல் வந்த பிளான்ட்யுஎம்எல், 2014இல் வந்த மெர்மெய்ட் எல்லாம் ‘இன்னது இன்னதைக் கேட்கிறது’ என்று வரி எழுதினால் பெட்டியும் அம்பும் தாமே அமையும் கருவிகள். 2022இல், நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம் மெர்மெய்ட் வரிகளை நேரே படமாகக் காட்டத் தொடங்கியது. நிரல் இருக்கும் இடத்திலேயே படமும் இருப்பதால், ஒன்றை மாற்றும்போது மற்றதையும் மாற்றிவிடலாம். அலமாரியில் செத்துப்போன என் தாள்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. இது பெரிய லாபம். செயற்கை நுண்ணறிவிடம் நிரலைக் கொடுத்தால் நிமிடத்தில் ஒரு படம் தருகிறது. ஆனால் அது நிரலில் இருப்பதை எல்லாம் தருகிறது. எதிரே உட்காரப்போகிறவர் நெல் வியாபாரி என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னாலும், அவர் அம்பைப் பணமாகப் படிப்பார் என்பது அவரோடு உட்கார்ந்து பார்த்தவருக்கே தெரியும்.

அதனால் நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் கணினி தெரியாத ஒருவர் கையில் படத்தைக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். நான் பேசக்கூடாது. பெட்டி, அம்பு, பெட்டி என்று அது வாக்கியமாக வர வேண்டும். அவர் எங்கே திக்குகிறாரோ அங்கே பிழை என்னுடையது. அன்று நான் வாசித்தேன், கிளார்க் கேட்டார். இன்று அவர்கள் வாசிக்கிறார்கள், நான் கேட்கிறேன்.

அந்தக் கூட்டுறவு வங்கிக்கு மாற்றி வரைந்த படங்களை மறுநாள் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் கொடுத்தேன். வகுப்பில் வாசிப்பது போலவே நிறுத்தி வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தடையில்லாமல் ஓடியது. ஆறாவது அம்பில் நின்றார். ‘முடிந்தது என்று இரு பக்கத்துக்கும் தெரிவிக்கிறது’ என்று எழுதியிருந்தேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எதுல சார் தெரிவிக்குது? கடையில ஒரு டப்பா பேசுமே, இத்தனை ரூபாய் வந்துருச்சுன்னு. அதைக் கேட்டாத்தானே டீக்கடைக்காரர் நம்மளை விடுறாரு. அது எங்கே இருக்கு?”

அதைத்தான் விட்டிருந்தேன். கடைக்காரர் பக்கத்து ஆப் நிறுவனம் தரும் ஒரு சிறு ஒலிபெருக்கி, யுபிஐ அமைப்பில் அதற்கு ஓர் இடமும் கிடையாது என்று நினைத்தேன். பித்தளை வில்லையில் என்ன தகவல் இருக்கிறது என்று நினைத்த அதே நான்.

லேப்டாப்பைத் திறந்து, கடைக்காரருக்கு முன்னால் ஒரு பெட்டி சேர்த்தேன். இந்தத் தடவை தழும்பு எதுவும் விழவில்லை. அம்பின்மேல் என்ன எழுதுவது என்று அவரையே கேட்டேன். ‘சத்தமாகச் சொல்கிறது’ என்று போடச் சொன்னார். அப்படியே போட்டு, தேதியைத் திருத்தி, எல்லோருக்கும் அனுப்பிவைத்தேன்.